பகையாளியின் மாடு

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு தோல் மண்டியில் நான் இங்கிலீஷ் கிளார்க். பதனிட்ட தோல்களில் புள்ளி விழுந்துகொண்டே இருந்ததால், முதலாளி பாய் பம்பாயிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார். அவர் யூதர். எங்களில் யாரும் அதற்கு முன் யூதரைப் பார்த்ததில்லை. கிறிஸ்தவரான எங்கள் மேஸ்திரி பவ்வியமாகக் கை கட்டிக்கொண்டு, "மோசேக்கு நீங்க என்ன முறை வேணும்?" என்று கேட்டார். பேரன் முறை என்று நானே சொல்லி அனுப்பிவிட்டேன்.

யூதருக்கும் என் வயதுதான், முப்பதை ஒட்டி. கறி சாப்பிட்டால் தயிரைத் தொடமாட்டார். எதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். சட்டத்துக்கு ஒரு விலக்கு, விலக்குக்கு ஒரு தகராறு. எங்கள் ஊர் வக்கீல்களே தேவலை என்று தோன்றும்.

ஒரு நாள் காலை இருவரும் குதிரை வண்டியில் அகரம் பக்கம் தோல் பார்க்கப் போனோம். வாய்க்கால் இறக்கத்தில் தேங்காய் பாரம் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று சாய்ந்து கிடந்தது. ஒரு மாடு சேற்றில் விழுந்து, கழுத்தை நுகத்தடி அழுத்த, நுரை தள்ளிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவரைப் பார்த்தேன். என் பெரியப்பா மகன். என் கல்யாணத்தில் தன் இலைக்கு அப்பளம் வரவில்லை என்று எழுந்து போனவர். ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஓட்டுப்பா" என்றேன்.

"நிறுத்து" என்றார் யூதர். "யார் அது?"

"என் பகையாளி."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. லாட்டரி விழுந்தவன் மாதிரி. பகைவனின் மிருகம் பாரத்தோடு விழுந்து கிடந்தால் விட்டுப் போகக் கூடாது என்று அவர்கள் சட்டமாம். அதிலும் சிநேகிதனும் பகைவனும் ஒரே நேரத்தில் உதவிக்கு நின்றால், பகைவனிடம்தான் முதலில் ஓட வேண்டுமாம். மனசு அடங்குவதற்காக.

"நான் யூதன் இல்லையே" என்றேன்.

"மாடும்தான் இல்லை. இறங்கு."

இறங்கினேன். என்னைப் பார்த்ததும் அண்ணன் வரப்பில் போய் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். என்னிடம் பேசாமல் எங்கள் குதிரை வண்டிக்காரரிடம் சொன்னார்: "தூக்கட்டும், தூக்கட்டும். பேனா பிடிச்ச கை எம்புட்டு தூக்குதுன்னு பாப்போம்."

அதை மொழிபெயர்க்கச் சொன்னார் யூதர். சொன்னேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். மாட்டுக்குச் சொந்தக்காரனும் கூடச் சேர்ந்து தூக்க வேண்டுமாம். அவன் சும்மா உட்கார்ந்துவிட்டால் நமக்குக் கடமை இல்லையாம். எனக்கு அந்த மதமே பிடித்துப்போய்விட்டது. திரும்பி வண்டியில் கால் வைத்தேன். அதற்குள் அவரே, ஆனால் மிருகம் படும் வேதனை வேறு கணக்கு, அதற்காகத் தூக்கத்தான் வேண்டும் என்றார். பிறகு அதற்கும் ஒரு மறுப்பை எடுத்துவிட்டு, வெயிலில் நின்று தன்னோடு தானே வாதாட ஆரம்பித்தார்.

"சார், நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள மாடு போயிரும்" என்றார் வண்டிக்காரர்.

"அந்த ஆளு என்ன சொல்றாரு?" என்று அண்ணன் காற்றைப் பார்த்துக் கேட்டார்.

நானும் காற்றைப் பார்த்தே சொன்னேன்: "மாட்டுக்காரரு உக்காந்துட்டா நாங்க போகலாமாம். அவரும் கை வச்சாத்தான் நாங்க தூக்கணுமாம்."

அண்ணன் பீடியை வீசிவிட்டு எழுந்தார். "ஓ, நான் உக்காந்தேன்னு சொல்லிட்டு நீ நைசா கழண்டுக்கலாம்னு பாக்கிறியோ? வாடா, வந்து பிடிலே!"

ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. என்னைத் தப்பவிடக் கூடாது என்ற ஒரே நல்லெண்ணத்தில் சொன்னது.

தேங்காய்களை உருட்டித் தள்ளினோம். அண்ணன் மாட்டை நுகத்தோடு பிணைத்திருந்த பூட்டாங்கயிற்றை அறுத்தார். நால்வரும் நுகத்தடிக்குத் தோள் கொடுத்தோம். என் தோளும் அவர் தோளும் ஒட்டிக்கொண்டன, விலகவும் வழியில்லை. என் ஒரே நல்ல சட்டை முதுகில் கிழிந்தது. மாடு திமிறி எழுந்து, நன்றியோடு என் வலது காலில் ஏறி நின்றது.

"அண்ணே! காலு, காலு! அண்ணே!" என்று அலறினேன்.

அவர் மாட்டைத் தள்ளிவிட்டு, சேற்றிலேயே உட்கார்ந்து என் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது. "அசையாதலே, செத்த இரு" என்று தலைத்துண்டைக் கிழித்துக் கட்டினார். கட்டும்போது ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், அதற்காகவே இன்னொரு ஆறு வருஷம் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

யூதருக்குத்தான் திருப்தியில்லை. அண்ணன் கோபத்தில் எழுந்து வந்ததை, மாட்டுக்காரனும் சேர்ந்து தூக்கியதாகக் கொள்ளலாமா என்று ஊர் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். தோலில் விழுந்த புள்ளிக்கு மட்டும் அவரால் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை.

பத்து நாள் கழித்து அண்ணன் மண்டி வாசலில் வந்து நின்றார். மாடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அது நல்லா மேயுது. நீ எதுக்கு இன்னும் நொண்டுற?" என்றார்.

டீ குடிக்கப் போனோம். குடித்து முடிப்பதற்குள் எங்கள் இரு வீட்டுக்கும் பொதுவான கிணற்றைப் பற்றிப் பெரிய சண்டை வந்தது.