பழைய கம்ப்யூட்டரைக் காது கொடுத்துக் கேட்டவர்

2023 ஜூன் 9, காலை பத்தே கால், தூறல். தினமும் பெய்த மழையை அளந்து நான் பதிந்துவந்த பதினெட்டு வருட மழைக்கணக்கு இருந்த கம்ப்யூட்டர் கிளம்பாமல் பாதியில் நின்றது. மூன்று கடைகளில் தூக்கிப் போடச் சொன்னார்கள். மறுநாள், நான்காவதாக எங்கள் ஊர் பெருமாட்டிக்கே வந்து பார்த்தவர் ஒரு வெள்ளைத் தாடி மெக்கானிக். ஓடும் டிஸ்க்கில் திருப்புளி நுனியை வைத்து, பிடியில் காதை வைத்துக் கேட்டார்.

“டிஸ்க் நல்லா இருக்குதுங்க. கணக்கைப் பென்டிரைவ்ல எடுத்துட்டு, பிஎஸ்டின்னு வேற சிஸ்டம் ஏத்தறேன். பழசுலயும் ஓடுமுங்க.”

“கணக்கு அழிஞ்சிராதுங்களே?” என்று ஏழாவது முறையாகக் கேட்டேன்.

“இதுக்குப் பதினெட்டு வயசு. உங்களுக்குங்க?”

“எழுபத்தாறு.”

“உங்களை யாரும் தூக்கிப் போடலீங்களே.”

மதியம் மழைக்கணக்கு ஒரு நாளும் குறையாமல் திரையில் வந்தது. அவர் கூலி வாங்கவில்லை. அன்றைய மழையை நான் பதிவதை நின்று பார்த்துவிட்டுப் போனார். கூலி ஏன் வாங்கவில்லை என்று இன்றும் புரியவில்லை. மொத்தச் செலவு, உள்ளே மாற்றிய கடிகார பேட்டரிக்கு நாற்பது ரூபாய்.