வெள்ளைக்காரரின் மூட்டையோடு நான் விசாரணைக்குப் போனது

குத்தகை விசாரணைக்காகத் தஞ்சாவூர் போனேன். ஊர் குடவாசல் பக்கம். நாலு மா நிலம். பதினோரு வருஷம் உழுது, குத்தகை நெல்லையும் அளந்தேன். மிராசுதார் ஒரு சீட்டுக் கொடுத்ததில்லை. கேட்கிற பழக்கம் எங்களுக்கும் இல்லை. அறுப்புக்கு அறுப்பு அடிதடி நடந்த காலம். உழுகிறவன் பேரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்திருந்தது. பேர் ஏறினால் நிலத்தை விட்டு எழுப்ப முடியாது. ஏறாவிட்டால் அடுத்த நடவுக்கு வேறு ஆள்.

முதல் நாள் போனதற்கு, "நாளைக்கு வா" என்றார்கள். சத்திரத்தில் தங்கினேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர். தாடி. முதுகில் மாட்டுகிற மூட்டை, உரமூட்டை அளவு இருக்கும். பெரிய கோயில் பார்க்க வந்தவர். சாயங்காலம் டீக்கடையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கடைக்காரர் பினாங்கில் இருந்து வந்தவர். இங்கிலீஷில் விசாரித்து எனக்குச் சொன்னார்.

"செலவில்லாம ஊர் ஊரா சுத்துறாராம். இதுக்கு முன்னால தென் அமெரிக்காவுல ஒரு மலை மேல இருந்தாராம். அதுவும் கல்லு மேல கல்லு அடுக்கின பழைய ஊராம். பார்க்க உலகமே வருமாம். அங்கயும் தரையில படுத்து, உருளைக்கிழங்கத் தின்னுக்கிட்டு மூணு மாசம் கிடந்தாராம்."

"வீடு வாசல் இல்லையாமா?"

"இருக்காம். அப்பா பெரிய பண்ணையாம்."

"பின்ன ஏன் தரையில படுக்குறாரு?"

கடைக்காரர் கேட்டுச் சொன்னார். "ஆசையாம்."

எனக்கு அப்படி ஒரு ஆசை வந்ததில்லை.

மறுநாள் காலையில் வெள்ளைக்காரரும் என் கூடவே ஆபீசுக்கு வந்தார். எதற்கு என்று தெரியாது. வழியில் மிளகாய்ச் சட்னியோடு எட்டு இட்லி சாப்பிட்டார். ஆபீஸ் வாசலில் வயிற்றைப் பிடித்தார். மூட்டையைக் கழற்றி என் முதுகில் மாட்டினார். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கொக்கி போட்டார். கீழே வைக்காதே என்று கையைக் காட்டிவிட்டு ஓடினார்.

டவாலி என் பேரைக் கூப்பிட்டார். கொக்கியைக் கழற்ற எனக்குத் தெரியவில்லை. அப்படியே போனேன்.

உள்ளே ஆபீசர், மிராசுதார், எங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளை. மிராசுதாரைக் கண்டதும் கை தோள்துண்டுக்குப் போனது. இடுப்பில் கட்ட வேண்டும், அதுதான் வழக்கம். துண்டு மூட்டையின் வாருக்கு அடியில் மாட்டிக்கொண்டு வரவில்லை. சரி, குனியலாம் என்று குனிந்தேன். மூட்டை கழுத்தில் ஏறி ஆபீசர் மேஜை மேல் தள்ளப் பார்த்தது. நிமிர்ந்தே நின்றேன்.

அன்றுதான் மிராசுதார் முகத்தை நேராகப் பார்த்தேன். அதுவரை காலைப் பார்த்தே பேசினவன். செருப்பை வைத்து ஆளைச் சொல்லிவிடுவேன். முகம் நான் நினைத்ததைவிடச் சின்னது.

"இவன் கூலிக்கு வர்றவன் சார். குத்தகையெல்லாம் கிடையாது" என்றார்.

அவர் எதைச் சொன்னாலும் "ஆமாங்க" என்பது என் வாய்க்குப் பழக்கம். அன்றும் "ஆ" வரை வந்தது. கொக்கி நெஞ்சை இறுக்கியது. மிச்சம் வரவில்லை.

"ஆதாரம் ஏதாவது இருக்காப்பா?" என்றார் ஆபீசர்.

தோள் கடுத்தது. கொக்கியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.

கணக்குப்பிள்ளை நான் நுழைந்ததிலிருந்து மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். மிராசுதாரின் காதுப் பக்கம் சாய்ந்தார். அவர் ரகசியம் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

"இம்புட்டு தஸ்தாவேஜு இவன் எங்க புடிச்சான்னு தெரியலைங்களே."

நான் இன்னொரு தரம் இழுத்தேன். கணக்குப்பிள்ளை எழுந்துவிட்டார்.

"சார், அடங்கல் கணக்குல பேரு மாறிப் போச்சு. சாகுபடி பண்றது இவன்தான்."

ஆபீசர் மிராசுதாரைப் பார்த்தார். "நீங்க இல்லைன்னீங்களே?"

"நான் எங்க சார் இல்லைன்னேன்" என்றார் அவர், மூட்டையைப் பார்த்தபடி.

ஆபீசர் பேரை எழுதினார். கையெழுத்துப் போட்டேன். எனக்குத் தெரிந்த எழுத்து அன்றைக்கு அவ்வளவுதான்.

வெளியே வெள்ளைக்காரர் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். கொக்கியை ஒரு விரலால் கழற்றினார். மாத்திரை தேடி மூட்டையைக் கொட்டினார். அழுக்குக் கால்சட்டை நாலு, தகரத் தட்டு, கொசுவலை, பாதி பன். கணக்குப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றார்.

"பத்திரம் எதுவும் இல்லையா?"

"இல்லைங்க."

"உள்ளயே சொல்றதுக்கென்ன?"

"மூட்டையப் பத்தி யாரும் கேக்கலைங்க."

அவர் பன்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் பஸ்ஸுக்கு நடந்தேன். நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்க வேண்டியிருந்தது.