மாமா கண்ணுக்குள் இருந்த குமிழ்

அறுவை சிகிச்சை முடிந்து பன்னிரண்டாவது நாள், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நாளில் எனக்குச் சந்தேகமில்லை. மாமாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும் பொறுப்பு ஆறாம் வகுப்பில் இருந்த என்னுடையது. ஒவ்வொரு சொட்டையும் மணியோடு நோட்டில் குறித்து வந்தேன்.

மாமா, அம்மாவின் அண்ணன். மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்தார். வலது கண்ணின் விழித்திரையைச் சர்க்கரை நோய் முன்பே கெடுத்திருந்தது. லேசர் வைத்தும் அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. மிச்சமிருந்த இடது கண்ணில் திடீரென்று மின்னல் வெட்டியது, கொசுக்கூட்டம் பறந்தது, மறுநாள் ஓரத்திலிருந்து கறுப்புத் திரை ஒன்று நகர்ந்து வந்தது. விழித்திரை கிழிந்து உரிந்துவிட்டது என்றார்கள் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில். ஆபரேஷன் செய்து அதை ஒட்டி, ஒட்டு பிடிக்கும்வரை அழுத்திக்கொண்டிருக்கக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை வைத்தார்கள். அதற்காக மாமா பல நாள் குனிந்தே இருந்தார். வீட்டுக்கு வந்தவர்களைத் தரையைப் பார்த்தபடியே "வாங்க வாங்க" என்று வரவேற்றார்.

அனுப்பும்போது நர்ஸ், வாயு கரையும்வரை பிளைட்டில் போகக் கூடாது, மலைமேல் போகக் கூடாது என்று சொன்னார்.

"பிளைட்டுங்களா? நமக்கு டவுன் பஸ்ஸே நிக்கறதில்லீங்க" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் மலை காதில் விழவில்லை. நான் மட்டும் இரண்டையும் எழுதிக்கொண்டேன். ஆனால் கோத்தகிரி எங்களுக்கு மலையே அல்ல. எனக்கு அது சித்தி வீடு. மாமாவுக்குக் கிழங்கு ஏற்றிவரும் இடம்.

அந்த ஞாயிறு சித்தியின் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். "குனிஞ்சுட்டே மடியில வெச்சுக்கறேன், அதுக்கென்ன?" என்று அப்பா ஓட்டிய வேனில் மாமா ஏறிவிட்டார்.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் மாமா நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளெ, கண்ணு தெறிக்கற மாதிரி நோவுதுங்க."

"வளைவுல அப்படித்தானுங்க மச்சான். எலுமிச்சம்பழத்த மோந்து பாருங்க" என்றார் அப்பா. அம்மா பழத்தை எடுத்துக் கொடுத்தாள்.

இன்னும் இரண்டு வளைவு தாண்டியதும் மாமா என் பக்கம் திரும்பினார். "அம்மணி, சன்னலச் சாத்திப்போட்டயா? இருட்டா இருக்குது."

சன்னல் திறந்திருந்தது. வெயில் அவர் முகத்தின் மேலேயே அடித்துக்கொண்டிருந்தது.

வலி வந்த நேரத்தைக் குறிக்க நோட்டைத் திறந்தேன். முதல் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: மலைமேல் போகக் கூடாது. அதைச் சத்தமாகப் படித்தேன். அப்பா பிரேக்கை மிதித்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டதும் எதிர்முனையில் கத்தினது எனக்கே கேட்டது: உயரம் போகப் போக வாயு விரியும், உடனே இறங்குங்க. அம்மா சித்தியை அழைத்து, "அண்ணன் வரலைடி, கண்ணு போயிரும்போல" என்று சொல்லி அழுதாள்.

இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் அவர் முகத்தருகே விரல்களை நீட்டினேன். "எத்தனைங்க மாமா?" தெரியவில்லை என்று கையை ஆட்டினார். காரமடை நெரிசலில் அப்பா ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரும் விரல்களைத்தான் நீட்டினார். எழுதி வைத்தும் சொல்லாமல் இருந்தவள் நான். மாமா தோற்றால் குற்றம் என்னுடையது. அவருக்குப் பின்னால் நின்று முதுகில் விரலால் இரண்டு முறை தட்டினேன்.

"ரெண்டுங்க" என்றார் மாமா.

டாக்டர் விரல்களை மாற்றினார். நான்கு முறை தட்டினேன்.

"புள்ளை முதுகுல தட்டிச் சொல்லுதுங்க டாக்டர். எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க."

என்னை வெளியே கொண்டுபோய் விட்டார்கள். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். எங்கள் வகுப்பில், விடை சொல்லிக் கொடுத்தவளையே காட்டிக் கொடுத்தவளோடு யாரும் பேசமாட்டார்கள். அந்தப் பதிலைக் கேட்ட டாக்டர் அடுத்த நிமிடமே ஊசியால் வாயுவில் கொஞ்சத்தை எடுத்து அழுத்தத்தை இறக்கினார் என்பதும், அழுத்தத்தில் ரத்தம் நின்ற விழித்திரைக்கு நிமிடங்களே கணக்கு என்பதும் வெகுகாலம் கழித்து நான் தெரிந்துகொண்டவை.

மறுநாள் காலை ஒரு வார்த்தை பேசாமல், குனிந்து அவர் இமையை விரித்துச் சொட்டு விட்டேன்.

"மூஞ்சிய ஏன் கண்ணு உம்முனு வெச்சிருக்கற?" என்று கேட்டார்.

கேலி செய்கிறார் என்று எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. அம்மா எதற்காகச் சொம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள் என்று புரியவில்லை.