கொட்டடிக்கு இரண்டு பூட்டு

போன மாதம் திண்டுக்கல்லில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தற்கொலைத் தடுப்பு வேலையில் இருக்கிற தலைவர்கள், மனநல டாக்டர்கள், போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்கிறவர்கள் என்று மண்டபம் நிறைய ஆட்கள். என்னை 'முன்னோடித் தலைவி' என்றார் ஒருவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எண்பது வயதில் மேடையில் கத்தினால் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கேள்வி நேரத்தில் ஒரு இளம் டாக்டர் எழுந்தார். "பூச்சிமருந்தை வீடுகளிலிருந்து வெளியே எடுத்து, ஊருக்குப் பொதுவாக ஒரே இடத்தில் வைத்து, இரண்டு பூட்டுப் போட்டு, இரண்டு பேர் சேர்ந்து வந்தால்தான் திறக்க முடியும் என்று செய்திருக்கிறீர்கள் அம்மா. இதைத்தான் நாங்கள் இப்போது ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தக் காலத்திலேயே இரண்டாவது பூட்டு யோசனை உங்களுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டார்.

"சும்மா தோன்றியது" என்றேன். பொய். எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியவளுக்கு ஒரு துண்டுத்துணிகூட யாரும் போர்த்தவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் இப்போது போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் இல்லாமல் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நான் அய்யம்பாளையத்துக்காரி. நர்ஸ் படிப்பு முடித்து, அறுபதுகளின் தொடக்கத்தில், கொடைக்கானலைத் தாண்டிப் போளூர்ப் பக்கம் ஒரு மலைக்கிராமத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். டிஸ்பென்சரி என்றால் ஒரு அறை, ஒரு பெஞ்சு, ஒரு அலமாரி, நான். டாக்டர் மாதம் ஒருமுறை வருவார், மழை விட்டால். பஸ் கிடையாது. பூண்டும் கிழங்கும் மட்டக்குதிரை முதுகில் பஜாருக்குப் போகும். நோயாளியைக் கம்பளியில் போட்டு, கம்பில் கட்டி, நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

உருளைக்கிழங்குக்குப் பூச்சிமருந்து அடிக்கும் பழக்கம் அங்கே வந்தது அந்த வருஷங்களில்தான். அந்த ஊரில் மதிப்புள்ள எதுவானாலும் அடுப்புக்கு மேலே இருக்கிற பரணுக்குப் போகும். பூண்டுக் கட்டு புகையில் தொங்கும், பக்கத்தில் விதை, நிலப் பத்திரம். மருந்து டப்பாவும் அங்கேயே போனது. "ஈரம் படாது, எலி தொடாது, புள்ளைகளுக்கு எட்டாது" என்று பெருமையாகச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு எட்டாது, சரி. விடிந்ததிலிருந்து அந்த அடுப்புக்கு முன்னாலேயே கிடக்கிறவளுக்கு? அதை ஒருத்தரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. எத்தனையோ வீடுகளில் அந்தப் பரணுக்குக் கீழே உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறேன்.

ஒருத்தி போனாள். கொஞ்ச நாளில் இன்னொருத்தி. கேட்டால் "வயித்து வலி" என்றார்கள், மதியத்துக்குள் அடக்கம் செய்தார்கள். உயிர் இருக்கும்போதே என்னிடம் தூக்கி வந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம். வரமாட்டார்கள். சாகப் பார்த்தது குற்றம், போலீஸ் வரும், கோர்ட்டுக்கு இழுக்கும் என்ற பயம். பிழைக்க வைப்பதை விட மறைப்பது முக்கியம் என்று ஒரு சட்டம் ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. அதை எழுதியவன் எந்த அடுப்பங்கரையில் உட்கார்ந்து எழுதினான் என்று இன்றைக்கும் கேட்கத் தோன்றுகிறது.

மூன்றாவது, டிஸ்பென்சரிக்குக் கீழ்ச் சரிவில் குடியிருந்த ஒருத்தி. அவள் பிள்ளைப்பேற்றை நான்தான் பார்த்தேன். குழந்தை நாற்பது நாள் இருந்து காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் வந்து பெஞ்சு ஓரத்தில் நின்றாள். "தூக்கமே வரமாட்டேங்குது நர்ஸம்மா. அடுப்பு முன்னால உக்காந்தா எந்திரிக்கத் தோணல" என்றாள். பெஞ்சு நிறைய ஆள். சத்து மாத்திரையைக் கையில் கொடுத்து, "நல்லாச் சாப்பிடு, எல்லாம் சரியாப்போகும்" என்று அனுப்பிவிட்டேன். அந்த 'எல்லாம் சரியாப்போகும்' ஞாபகம் வரும்போதெல்லாம் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும்.

ஐந்தாம் நாள் அவள் மருந்தைக் குடித்துவிட்டாள். நல்ல காலம், அவள் புருஷன் மானம் மரியாதை பார்க்காமல் தெருவில் நின்று கத்தினான். நாலு பேர் தூக்க, நான் பின்னாலேயே ஓட, கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பிழைத்தாள். கஞ்சி இறங்குவதற்கு முன்னால் கட்டிலோரம் போலீஸ்காரர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார். "ஏம்மா, உசுரு உனக்கு அவ்வளவு எளக்காரமாப் போச்சா?" என்றார். நான் அவரை வார்டுக்கு வெளியே தள்ளாத குறையாக அனுப்பினேன். என்ன பிரயோஜனம்? ஒரு மாதம் கழித்து அவளைக் கோர்ட்டுக் கூண்டில் ஏற்றினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் புத்திமதி சொல்லி, இனிமேல் இப்படிச் செய்யக்கூடாது என்று எச்சரித்து விட்டார்கள்.

திரும்பி நடக்கும்போது அவளே பேசினாள். "டப்பா அங்க இல்லாம இருந்திருந்தா, அன்னைக்குப் பொழுதன்னைக்கும் அழுதுட்டு அப்படியே தூங்கியிருப்பேன் நர்ஸம்மா." அவ்வளவுதான் சொன்னாள். நான் படித்த படிப்பில் இந்த ஒரு வரி இல்லை.

மறுநாளே வீடு வீடாகப் போய், டப்பாவை வெளியே எடுங்கள், ஊருக்குப் பொதுவாக ஒரு இடத்தில் வையுங்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். ஊர்த்தலைவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். நல்ல உயரம், கம்பளிக் கோட்டு, குரலைக் கேட்டாலே ஊர் அடங்கும்.

"எங்க வீட்டுப் பொம்பளைகள என்னன்னு நெனச்சீங்க நர்ஸம்மா? ஊசி போடுறதும் பேறுகாலம் பாக்குறதும் உங்க சோலி. அத மட்டும் பாருங்க. இதெல்லாம் பொம்பளைக கோழைப் புத்தி. ஆம்பளை எவனாச்சும் குடிச்சிருக்கானா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிவிட்டேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வழி திறந்தது பஜாரில். விதையும் உரமும் பூட்டும் ஆணியும் விற்கிற ராவுத்தர் ஒருவர்தான் எங்கள் ஊருக்கு மருந்து கொடுப்பவர். கடைக்குள் புகுந்து, ஆட்கள் நிற்கும்போதே சத்தம் போட்டேன். அவர் முழுக்கக் கேட்டார். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். "சில்லறையா ஊத்திக் குடுக்குறத இன்னையோட நிறுத்திர்றேன். ஊருக்குள்ள ஒரு எடத்தச் சொல்லுங்கம்மா. அங்க மட்டுந்தான் சரக்கு அனுப்புவேன். வீட்டுக்குன்னு கேட்டா இல்லன்னுருவேன்" என்றார். சொன்னபடி செய்தார். வியாபாரம் போய்விடுமே என்று ஒரு வார்த்தை பேசவில்லை.

கிழங்குச் செடியில் பூச்சி விழுந்ததும் ஊர் இறங்கி வந்தது. மருந்து திருட்டுப் போகிறது, அதனால்தான் ஒரே இடத்தில் வைக்கிறோம் என்று தலைவர் ஒரு காரணம் கண்டுபிடித்து, விதைக்கிழங்கு போடும் தன் கல் கொட்டடியைக் கொடுத்தார். மீசையில் மண் ஒட்டாமல் அவர் இறங்கட்டும், எனக்கென்ன? டப்பாக்கள் பரணை விட்டு இறங்கின.

சாவி யாரிடம்? அவள்தான் வந்து, "எங்கிட்ட குடுங்க" என்றாள். குடித்தவள் கையிலேயே சாவியா என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ வேண்டாம் தாயி" என்றேன்.

"கேக்க வாறவுக மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரியும் நர்ஸம்மா. உங்களுக்குத் தெரியாது. நான் வந்து நின்னப்ப உங்களுக்குத் தெரியலையே."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. சாயங்காலமானால் சாவியை என்னிடம் கொடுத்துவிடுவதாகவும், காலையில் வெள்ளனே வந்து வாங்கிக்கொள்வதாகவும் அவளே ஏற்பாடு சொன்னாள். கொட்டடிக்குப் பக்கத்து வீடு அவளுடையதுதான் என்று சொல்லி ஊரைச் சம்மதிக்க வைத்தேன். தினமும் அங்கே காத்துக் கிடக்க ஆண்பிள்ளை எவனும் தயாராக இல்லை என்பதும் உதவியது.

அவளுடைய முறை இதுதான். மருந்து கேட்டு வருகிறவரிடம் மூன்று கேள்வி. எந்தக் காட்டுக்கு? என்ன பயிருக்கு? கூட யார் வாறா? ஒழுங்காகப் பதில் வந்தால் அன்றைக்கு வேண்டிய அளவு கிடைக்கும். வராவிட்டால், "உக்காருங்க, காப்பி போடுறேன்" என்பாள். கடுங்காப்பிதான். அவர் பேசினால் கேட்பாள், பேசாவிட்டால் பூண்டு உரித்துக்கொண்டு கூடவே இருப்பாள். பிறகு தன் புருஷனைத் துணைக்கு அனுப்பி வீடு சேர்ப்பாள். யார் வந்தார், என்ன சொன்னார் என்று என்னிடம்கூட மூச்சு விட்டதில்லை. திண்டுக்கல் மண்டபத்தில் இதற்கு மூன்று நாள் பயிற்சி என்று அட்டவணை ஒட்டியிருந்தார்கள்.

இரண்டு போகம் போனது. ஊரில் ஒரு 'வயித்து வலி' இல்லை. அது போதாதா? போதவில்லை. மூன்றாம் போகம் முடிகிற நேரத்தில் நிலம் நிறைய உள்ள ஒரு பெரிய சம்சாரி கிளம்பினார். கேள்வி கேட்டே காலையைக் கடத்துகிறாள், பூச்சி தின்றுவிட்டுப் போய்விடுகிறது என்று புகார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மந்தைப் பொட்டலில் ஊர் கூடியது.

"சாகப் போனவ கையிலயா ஊரு மருந்து கெடக்கணும்? கோர்ட்டுல நின்ன பொம்பளைகிட்ட நான் கைகட்டி நிக்கணுமா?" என்றார் சம்சாரி. "சாவிய வாங்கித் தலைவர்கிட்ட குடுங்க." ஆமாம் ஆமாம் என்றது கூட்டம். நான் கத்தினேன். இரண்டு போகமாக எத்தனை வீட்டில் இழவு விழவில்லை என்று யோசித்துப் பாருங்கள் என்றேன். ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைவர் வாயே திறக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சந்தோஷத்தை வெளியே காட்டாமல் இருக்கிறார் என்று நினைத்தேன்.

பெண்கள் பக்கத்தில் நின்றிருந்த அவள் முன்னால் வந்தாள். தலைவரை ஒரே ஒருமுறை பார்த்தாள்.

"சாவிய மாமாகிட்டயே குடுத்திர்றேன். ஆனா கதவுக்கு இன்னொரு பூட்டுப் போடணும். அதோட சாவி எங்கிட்ட இருக்கட்டும். ரெண்டு பேரும் சேந்து வந்தாத்தான் தொறக்கணும்."

"தலைவர் மேலயே சந்தேகமா?" என்று ஒருவர் பாய்ந்தார்.

"மாமா மேல என்ன சந்தேகம்? என் மேலதான உங்களுக்கு நம்பிக்கை இல்ல. அவரு எனக்குக் காவலா இருக்கட்டும்."

தலைவர் தலை நிமிராமல், "அப்படியே செஞ்சிருவோம்" என்றார். ஊருக்குத் திருப்தி.

சரிவில் இறங்கும்போது அவளைப் பிடித்துக்கொண்டேன். ஏன் அப்படித் தாழ்ந்து போனாய், உனக்கு எதற்குக் காவல், ரோஷமே கிடையாதா என்று மூச்சு விடாமல் திட்டினேன். அவள் நின்றாள். முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, என் கையில் சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள்.

அதற்கு முந்தின மாதம் ஒரு மதியம் தலைவர் தனியாகக் கொட்டடிக்கு வந்திருக்கிறார். மருந்து வேண்டும் என்றாராம். எந்தக் காட்டுக்கு மாமா என்று இவள் கேட்டிருக்கிறாள். மேக்காட்டுக்கு என்றாராம். மேக்காடு பத்து நாளைக்கு முன் பெய்த மழையில் பயிரும் மண்ணுமாகச் சரிந்து ஓடைக்குள் போய்விட்டது. அங்கே மருந்தடிக்க ஒரு செடி கிடையாது.

"உக்காருங்க மாமான்னேன். மேய்ச்சலுக்குப் போன மாடு திரும்புற வரைக்கும் அழுதாரு, நர்ஸம்மா."

"அந்த ஆளா? உன்ன ஊரே காறித் துப்புறப்ப கல்லாட்டம் உக்காந்திருந்தாரே! நீ இத ஒரு வார்த்தை சபையில சொல்லியிருந்தா சாவி உன் கையிலயே இருந்திருக்குமே!" என்று கத்தி, மந்தைக்குத் திரும்பி ஓடப் பார்த்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்த பிடி வலித்தது.

"சொல்லிட்டா, அடுத்த தடவ எங்கிட்ட கேக்க வரமாட்டாரு. நேரா எங்கயாச்சும் போயிருவாரு. வேற யாரும்தான் வருவாகளா?"

அந்தத் தலைவர் அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார். பேரன் பேத்தி எடுத்தார். விவசாய அதிகாரி வந்த ஒரு விழாவில், இரண்டு பூட்டு தன் யோசனைதான் என்று மேடையில் சொல்லி மாலை வாங்கிக்கொண்டார். அவள் பெண்களோடு தரையில் உட்கார்ந்து கைதட்டினாள். அவர் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அந்த மாலையை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. பொய் சொல்லிப் பொன்னாடை வாங்கிய எனக்கு அதைக் கேட்க யோக்கியதை இருக்கிறதா என்பது வேறு.

ராவுத்தர் கொடுத்தனுப்பிய இரண்டாவது பூட்டு அடுத்த வாரம் வந்தது. மாட்டிய அன்றைக்குக் காலையில் நானும் போயிருந்தேன். வாசலில் மருந்துக்கு ஏழெட்டுப் பேர். தலைவரும் தன் காட்டுக்காக வந்திருந்தார். முதலில் தன் பூட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். அவள் தன் சாவியை மடியிலிருந்து எடுத்தாள். பூட்டில் போடவில்லை.

"எந்தக் காட்டுக்கு மாமா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கொட்டடியே அவருடையது, அவரிடமே கேள்வியா என்று. அவர் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நேராக நின்றார்.

"கீழக்காட்டுக்கு. கெழங்குக்கு. மகன் கூட வாறான்" என்றார்.

அவள் பூட்டைத் திறந்தாள்.