அழகம்மா வீட்டு டிவிக்குப் பேச்சு வந்த வழி

அழகம்மா வீட்டு டிவி பேசாது. படம் மட்டும் ஓடும். பேச்சு பக்கத்து வீட்டிலிருந்து வரும்.

வட்டகொடைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒட்டி நிற்கும் வீடுகளைப் பிரிக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் "நூறாயிசு" என்பார்கள். அந்த இடைவெளி வழியாகத்தான் அழகம்மா ஒயர் இழுத்தாள். டிஷ்ஷும் அதன் சேனல் பெட்டியும் கடைசியிலிருக்கும் அவள் வீட்டில். ஒயர் அடுத்த வீட்டு றோசலினுக்கு, அதற்கடுத்து எனக்கு, பிறகு ஆண்டியப்பனுக்கு. மாசக் காசை நாலாகப் பிரித்துக் கொடுப்போம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெட்டி ஒன்று என்பதால் சேனலும் ஒன்றுதான், ரிமோட் அழகம்மா கையில். அவள் நாடகம் பார்த்தால் லயமே நாடகம் பார்க்கும். கிரிக்கெட் பைத்தியமான நான் மூன்று வருஷமாக யாரோ ஒரு மாமியாரின் சண்டையைப் பார்த்தபடி ரொட்டி தின்கிறேன். வயிறு எரியாதா?

அழகம்மா கொழுந்து எடுக்கிறவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகள் ஜெயந்தினி கொழும்பில் கடை வேலையில். மலையிலிருந்து வந்தால் வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. அந்த நாடகம் ஒன்றுதான். அவள் டிவியில் சத்தம் நின்றபோது தலவாக்கலை டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கடைக்காரன் கூலியைச் சொன்னதும் அப்படியே திருப்பித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"றோசலின் வீட்டுல அதே நாடகந்தான், அதே பேச்சுதான் ஓடுது. ஒரே பேச்சுக்கு எதுக்கு ரெண்டு செலவு?" என்றாள்.

இந்தக் கஞ்சத்தனத்துக்கு வேட்டு வைத்தவன் றோசலினின் மகன் அன்டன். நத்தார் பண்டிகை லீவுக்கு வந்தவன் சொந்தமாக ஒரு டிஷ் வாங்கிக் கூரையில் பூட்டிவிட்டான்.

"பெரியம்மா, இனி எங்களுக்கு ஒங்க ஒயர் வேணாங்க," என்றான்.

அழகம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. ஒரு பங்கும் போனது, பேச்சும் போனது. பங்கு கூடினால் நாங்களும் கழற்றிவிடுவோம் என்று நானும் ஆண்டியப்பனும் சொல்லிவிட்டோம். அப்படி நடந்தால் அவளால் தனியாகப் பெட்டியை வைத்திருக்க முடியாது. அது எல்லோருக்கும் தெரியும்.

அன்று மாலை நாடகத்து மாமியார் கண்ணீரோடு வாயைத் திறந்தாள். அழகம்மா வீட்டில் கேட்டதோ, எங்கள் டிவிகளின் பேச்சையும் அமுக்கிவிட்ட அன்டன் வீட்டு கிரிக்கெட் கூட்டத்தின் கைதட்டல். மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "சிக்ஸர்!" என்று கத்தினான் அன்டன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த அழகம்மா, பிறகு ஓடுகிற படத்துக்குத் தானே பேச ஆரம்பித்தாள், கிரிக்கெட்டையும் தாண்டிக் கேட்கிற குரலில்.

"ஏன்டி, நேத்து பீலியில தண்ணி புடிக்கிறப்ப என் கொடத்த நகத்துனது நீதானே?" என்றாள் பட்டுப்புடவை மாமியார்.

"ஆமா, நகத்துனேன். பீலியில ஒங்க பேரா எழுதியிருக்கு?" என்றாள் வைரத்தோடு போட்ட மருமகள்.

கோட்டுப் போட்ட வில்லன் கதவைத் திறந்துகொண்டு வந்தான். வாயைத் திறந்தால் அச்சு அசல் மலையில் எங்களை வேலை வாங்கும் தோட்டத்துக் கண்டாக்கையா. "இங்க என்னா கூத்து? அரைப் பேரு போட்டு பாதிச் சம்பளத்த வெட்டிருவேன்!" என்றான். ஆண்டியப்பன் வீட்டில் புரையேறும் சத்தம் கேட்டது. நான் மெதுவாக என் டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்தேன்.

மறுநாளும் குடச் சண்டை தொடர்ந்தது. அடுத்த நாள் மருமகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தொழிற்சங்கத்துக்குப் புறப்பட்டபோது, அன்டன் வீட்டில் கிரிக்கெட் சட்டென்று நின்றது.

"அம்மா! கடைசி ஓவரும்மா!"

"சும்மா இருடா," என்ற றோசலின் சுவரைப் பார்த்துக் கத்தினாள். "அழகம்மாக்கா! அந்தக் கொடம் என்னாச்சு?"

"படம் பாக்காம கொடத்தப் பத்திச் சொன்னா ஒனக்கு வெளங்குமா புள்ள?"

விடிந்ததும் அன்டன் ஏணி போட்டு ஏறிப் பழைய ஒயரை மாட்டினான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. அன்று மாலை றோசலின் வீட்டு டிவி பழையபடி நாடகத்தைச் சத்தமாகப் பேசத் தொடங்கியது.

"றோசலின்! அந்தச் சனியனக் கொறை. நான் பேசுறது எனக்கே கேக்கல," என்றது சுவருக்கு அப்பாலிருந்து குரல்.

றோசலின் குறைத்தாள். நாலு டிவியும் ஊமையாயின.

மாசக் காசு சேர்க்கும் நாள் வந்தது. அழகம்மா மூன்று வீட்டிலும் வாங்கிக்கொண்டாள். எப்போதும் கொடுப்பதைவிட எல்லோருக்கும் கொஞ்சம் கூடியிருந்தது.

"ஒங்க பங்கு எங்கக்கா?" என்று கேட்டேன்.

"கூத்துல ஆடுறவ எந்த ஊருலயாவது டிக்கட்டு எடுப்பாளா?" என்றாள் அழகம்மா.