வேதமுத்து வாத்தியாரும் ஓர் ஊமைக் கட்டையும்

வேதமுத்து வாத்தியார் காலமான செய்தியைக் கொண்டுவந்தவர் என் தங்கையின் கணவர். வாசலில் நின்று அழுதார். சுலபத்தில் அழுகிறவர் அல்லர். வாத்தியார் இதற்கு முன்னும் ஒருமுறை அவரை அழவைத்திருக்கிறார், அவருடைய கல்யாணத்தன்று.

நான் ஓய்வுபெறும்வரை இருபது வருஷம் வாத்தியாரும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னோம். ஞாயிறுதோறும் ஆற்றங்கரை வேதக்கோயில் ஆராதனையில் அவர் ஆர்மோனியம் வாசித்தது ஊருக்கே தெரியும். மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தி, "மூணு பேருள்ள வீடு வே இது. நடுவுல உள்ளவன் அரைப்படி இறங்கிட்டா வீடே அழும்" என்பார். தலையாட்டுவோம், நம்பியதில்லை.

தங்கை கல்யாணத்துக்கு முந்திய வாரம் தாமிரவருணி வெள்ளம் கோயிலுக்குள் புகுந்தது. ஆர்மோனியத்தில் ஒரே ஒரு கட்டை ஊமையாயிற்று. கல்யாணப் பாட்டின் நடுக்கட்டை. அதற்கு அரைப்படி கீழே உள்ள கட்டையை வைத்துச் சமாளிக்கலாம், இந்த ஊரில் யாருக்குச் சங்கீதம் தெரியும் என்று வாத்தியார் நினைத்துவிட்டார்.

யாருக்கும் தெரியவில்லைதான். ஆனால் இரண்டாம் அடியிலேயே மாப்பிள்ளையின் அத்தை மூக்கைச் சிந்தினார். அந்த வரிசை முழுவதும் சிந்தியது. மாப்பிள்ளையும் கண்ணைத் துடைத்தார். கருப்பட்டி வியாபாரியான அவர் தகப்பனார் எழுந்தே விட்டார்.

"என்னவே நடக்கு இங்கன? கல்யாணமா, அடக்கமா? பொண்ணு புடிக்காமலா பய அழுதான்? ஏலே, வா போவோம்."

பெண்ணும் மாப்பிள்ளையும் கல்யாண உடன்படிக்கையை இன்னும் சொல்லவில்லை. தங்கையின் முகம் வெளுத்துவிட்டது.

வாத்தியார் வாசிப்பை நிறுத்தவில்லை. தப்புக் கட்டையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, அந்தச் சுரம் வரவேண்டிய இடத்திலெல்லாம் தலையைத் தூக்கித் தாமே "ஆ" என்றார். கிடாய்க் குரல், ஆனால் சுரம் மயிரிழையும் பிசகவில்லை. அத்தை முந்தானைக்குள் சிரித்தார். தகப்பனார் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்து காலால் தாளம் போட்டார். "நல்லாத்தானே பாடுதாவ. நீ ஏம்லே அழுத?" என்று மகனையே கடிந்துகொண்டார்.

எல்லோரும் உம் குரலுக்கல்லவா சிரித்தார்கள் என்று பிற்பாடு நான் கேலி செய்தேன். "சிரிச்சது என் தொண்டைக்கு. அழுகை நின்னது அந்தச் சுரத்துக்கு. ரெண்டையும் குழப்பாதேயும்" என்றார்.

அந்தக் கட்டைக்குச் சுரம் எழுப்பும் புதுப் பித்தளை நாக்கு மதராஸிலிருந்து வரவேண்டும் என்றார்கள். பன்னிரண்டு வருஷமாக வரவில்லை. வாத்தியாரே பாடிவந்தார்.

அவர் கேட்டுக்கொண்டபடி, அடக்கத்தன்று அந்தக் கல்யாணப் பாட்டையே பாடினோம். புதிதாக வாசித்தவர் ஊமைக் கட்டையை அழுத்த, பாட்டின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. எல்லோரும் சவப்பெட்டியைப் பார்த்தோம். அடுத்த முறை அந்த இடம் வந்தபோது என் தங்கை கணவர், அழுதுகொண்டே, தலையைத் தூக்கி "ஆ" என்றார். அதுவும் கிடாய்க் குரல்தான். கோயிலே சிரித்தது.

வாத்தியாருடையது என்று நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு சுரத்தை. இனி ஞாயிறுதோறும் நானும் தங்கை கணவரும் முறைவைத்துப் பாடுவதாக ஏற்பாடு. மதராஸிலிருந்து நாக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறேன்.