மூட்டை முடிச்சு

அண்ணன்மார் அவளுக்கு வைத்த பெயர் கொட்டி. எதை எடுத்தாலும் கொட்டுவாள் என்பதால். சைக்கிள் ஓட்ட வரவில்லை, ஊசியில் நூல் ஏறவில்லை, கதவு நிலைகூட அவள் தோளைத் தேடித் தேடி வந்து இடித்தது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அப்பா வாயாலும் அடித்தார், கையாலும் அடித்தார். ஒரு வயதுக்குமேல் இரண்டும் வலிக்கவில்லை. மரத்துப்போயிற்று.

இப்போது முப்பத்தொன்பது. ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறாள். மற்றவர்கள் இரண்டு பேராக முனை பிடித்து மடிப்பார்கள். இவளோடு பிடித்தால் விரிப்பு கயிறாகிவிடும். அதனால் மேஜையில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டு, தனியாக, கோட்டுக்குக் கோடு மடிப்பாள். இருபதை அடுக்கி, நாடாவால் இறுக்கி ஒரு முடிச்சு. அந்த ஒரு முடிச்சைக் கற்க நான்கு மாதம் பிடித்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

எட்டு வயது மகளும் அப்படியே வந்து வாய்த்தாள். போன வாரம் பாலைக் கொட்டியதற்கு அவள் கையில் கரண்டியால் ஒன்று வைத்தாள் கொட்டி. அடித்த பிறகும் மனதில் ஒன்றும் அசையவில்லை.

பள்ளிக்கூடம் சொல்லித்தான், குழந்தைகளுக்குக் கை கால் பயிற்சி தரும் இந்தத் தெரபிஸ்டிடம் இருவரும் வந்தார்கள். சிறுமி மூன்று பொத்தான் மாட்டுவதற்குள் சுவர்க் கடிகாரம் ஏழு நிமிடம் நகர்ந்தது.

"இதுக்கு டிஸ்ப்ராக்சியான்னு பேரு" என்றாள் தெரபிஸ்ட். "சோம்பலும் இல்ல, திமிரும் இல்ல. என்ன செய்யணும்னு தெரியும், அத வரிசையா செஞ்சு முடிக்கத்தான் கை கால் ஒத்துழைக்காது. பெரியவங்களுக்கும் உண்டு. உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா? இவ தனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சுக்கிட்டிருக்கா. அதான் கேக்குறேன்."

"யாருக்கும் இல்லங்க."

தெரபிஸ்ட் படிவத்தில் 'இல்லை' என்று எழுதிக்கொண்டாள்.

கிளம்பும்போது மகளின் ஷூ கயிறு அவிழ்ந்து கிடந்தது. கொட்டி குனிந்து தனக்குத் தெரிந்ததைப் போட்டாள். விரிப்பு மூட்டைக்குப் போடும் அதே முடிச்சு. இனி அது கத்தரிக்கோலுக்குத்தான் மசியும்.

மகள் அவள் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள்.

"இந்த முடிச்ச யாரு போட்டதுன்னு டீச்சர் கேட்டா, நான் போட்டதுன்னு சொல்லிக்கிறேம்மா. எப்பவும் அப்படித்தான் சொல்றேன்."

கொட்டிக்கு அழுகை வரவில்லை. கயிற்றைப் பிடித்த விரல்கள் மட்டும் அதை விடாமல் அப்படியே இருந்தன. குனிந்தபடியே தெரபிஸ்டின் பக்கம் திரும்பினாள்.

"மேடம், அந்த 'இல்லை'ய அடிச்சிருங்க. எனக்கு இருக்கு."